ஒரே கம்பியில் செய்தியும் மின்சாரமும்

வீட்டில் மின்சாரம் நின்றுபோன இரவுகளில் விளக்கு அணைந்துவிடும், விசிறி ஓய்ந்துவிடும். ஆனால் கம்பி வழித் தொலைபேசியைக் கையில் எடுத்தால், எப்பொழுதும்போல் அதன் ஒலி காதில் கேட்கும். பழைய தொலைபேசிகளைப் பயன்படுத்தியவர்கள் இதனை நன்கு அறிவார்கள். இதன் காரணத்தை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. அக்கருவி வீட்டு மின்சாரத்தை நம்பி இருக்கவில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்த 48 வோல்ட் பாட்டரியிலிருந்து, பேச்சைச் சுமந்து வந்த அதே இரண்டு கம்பிகளின் வழியாகவே அதற்கு மின்சாரமும் வந்துகொண்டிருந்தது.

பேச்சும் மின்சாரமும் ஒரே கம்பியில் செல்ல இயலும் என்னும் அப்பழைய உத்தி, இந்த நூற்றாண்டில் புதியதொரு பணியை ஏற்றுள்ளது. கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் கேபிளின் வழியே, செய்தியோடு மின்சாரத்தையும் அனுப்பும் இம்முறைக்கு 'பவர் ஓவர் ஈதர்நெட்' என்று பெயர். இத்தொழிலில் உள்ளோர் இதனைச் சுருக்கமாகப் பி.ஓ.ஈ. என்பர். கூரையில் பொருத்தப்படும் வைஃபைப் பெட்டிகள், அதாவது 'ஆக்ஸஸ் பாயிண்ட்' எனப்படுபவை, பெரும்பாலும் இம்முறையினாலேயே இயங்குகின்றன.

நம் நாட்டில் இப்பெட்டிகள் பொதுமக்கள் கண்ணில் பரவலாகப் படத் தொடங்கியது ரயில் நிலையங்களில் எனலாம். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில், ரெயில்டெல் நிறுவனம் கூகுளுடன் சேர்ந்து இலவச வைஃபை வசதியைத் தொடங்கிற்று. 2018 ஜூனில் அஸ்ஸாமிலுள்ள திப்ருகர் 400-ஆவது நிலையமாயிற்று. 2021 மே மாதத்தில், ஜார்க்கண்டின் ஹசாரிபாக் டவுன் நிலையத்தோடு எண்ணிக்கை 6,000-ஐ எட்டியது. சிறு கடைக்காரரும் பொது வைஃபை வழங்குவதற்கு வழிசெய்யும் பி.எம். வாணித் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் இசைவளித்தது. கல்லூரிகள், மருத்துவமனைகள், நீதிமன்றங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றைச் சொல்லவே வேண்டுவதில்லை. இவ்விடங்களில் எல்லாம் பெட்டியின் அலைவீச்சைப் பற்றியும் இணைப்பின் வேகத்தைப் பற்றியும் ஆராய்கின்றனரே அன்றி, அப்பெட்டிக்கு எத்தனை வாட் மின்சாரம் போய்ச் சேருகிறது என்று கேட்பவர் அரியர். அக்கேள்வியைக் கேளாமையால் விளையும் குறை எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதே இங்குள்ள தொல்லை.

கூரைக்கு ஏன் ஒரே கம்பி?

ரேடியோ அலைகள் மனிதர்களாலும் மேசை நாற்காலிகளாலும் மறைக்கப்படாமல் பரவ வேண்டுமானால், பெட்டி உயரத்தில் இருத்தல் நலம். ஆனால் பிளக் பாயிண்டுகள் சுவரின் அடியில் இருக்கின்றன, கூரையில் இருப்பதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் 230 வோல்ட் மின் இணைப்பைத் தனியே கொண்டு செல்வதென்றால் குழாய் பதிக்க வேண்டும், உரிமம் பெற்ற மின் பணியாளர் வேண்டும், செலவு பெருகும். ஈதர்நெட் கேபிளோ எவ்வாறாயினும் செய்திக்காக அங்கே சென்றாக வேண்டும். அதுவே மின்சாரத்தையும் கொண்டு சென்றால் வேலை பாதியாகிறது.

மற்றொரு பயனும் உண்டு. எல்லாப் பெட்டிகளுக்கும் மின்சாரம் 'ஸ்விட்ச்' என்னும் ஒரே இடத்திலிருந்து செல்வதால், அவ்விடத்தில் ஒரு யு.பி.எஸ். வைத்துவிட்டால் போதும், மின்வெட்டிலும் கட்டடம் முழுவதிலும் வைஃபை நிற்காது. பழைய தொலைபேசி நிலையத்துப் பாட்டரி செய்த வேலையும் இதுவே. இங்கு ஸ்விட்ச் என்பது சுவரில் விளக்கைப் போடும் பொத்தான் அன்று. பல கேபிள்கள் வந்து கூடி, செய்திகளை உரியவற்றுக்குப் பிரித்தனுப்பும் கருவியாகும்.

இவ்வேற்பாட்டிற்கு எல்லையும் உண்டு. ஈதர்நெட் செப்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் செல்லலாகாது. கர்நாடகத்தில் ஹுப்பள்ளி நிலையத்தில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட நடைமேடையின் நீளம் 1,507 மீட்டர். அதாவது பதினைந்து கேபிள்களை நீட்டிப் போட்டாலும் கடைசி ஏழு மீட்டர் மிஞ்சும். இத்தகைய தூரங்களுக்குக் கண்ணாடி இழையைக் கொண்டு செல்வதே வழக்கம். ஆனால் கண்ணாடி இழை ஒளியைச் சுமக்குமே தவிர மின்சாரத்தைச் சுமவாது. ஆகவே இடையிடையே ஸ்விட்சுகளை வைத்து, அங்கிருந்து கடைசிச் சில பத்து மீட்டர்களுக்குச் செப்புக் கேபிளைப் பயன்படுத்த நேர்கிறது. மின்சாரக் கணக்கெல்லாம் இந்தக் கடைசிச் சில பத்து மீட்டர்களில்தான் இருக்கிறது.

இரண்டும் கலவாதிருப்பது எவ்வாறு?

ஈதர்நெட் கேபிளினுள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியின் இரு முனைகளிலும் சின்னஞ்சிறு மின்மாற்றி ஒன்று உண்டு. செய்தி என்பது ஜோடியின் இரு கம்பிகளுக்கும் இடையே மிக விரைவாக மாறிக்கொண்டிருக்கும் மின்னழுத்த வேறுபாடு. அது மின்மாற்றியைத் தாண்டிச் செல்லும். அனுப்ப வேண்டிய நேர்மின்சாரமோ அம்மின்மாற்றிச் சுருளின் நட்டநடுவில் கொடுக்கப்படுகிறது. நடுவில் நுழையும் மின்னோட்டம் இரு பாதியாகப் பிரிந்து, ஜோடியின் இரு கம்பிகளிலும் சமமாகச் சென்று, மறுமுனைச் சுருளின் நடுவில் மீண்டும் ஒன்றுசேர்கிறது. சுருளின் இரு பாதிகளிலும் அது எதிரெதிராக ஓடுவதால் காந்த விளைவு ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. செய்திக்கு மின்சாரம் அருகில் ஓடுவதே தெரியாது! ஒரு ஜோடி போகும் வழியாகவும், மற்றொரு ஜோடி திரும்பும் வழியாகவும் அமைகிறது.

இக்கம்பிகள் மெல்லியவை. வழக்கமான செப்புக் கம்பியின் தடை 100 மீட்டருக்கு ஏறத்தாழ 9.4 ஓம். போகும் ஜோடியில் இரு கம்பிகள் இணையாக இருப்பதால் தடை பாதியாகிறது; திரும்பும் ஜோடியிலும் அவ்வாறே. ஆகப் போய்வரும் மொத்தத் தடை மீண்டும் 9.4 ஓமாகவே நிற்கிறது. இனி, 25 வாட் வேண்டிய ஒரு பெட்டிக்கு, கைப்பேசிக்குக் கொடுப்பதுபோல் 5 வோல்ட்டில் மின்சாரம் அனுப்பினால் என்ன ஆகும்? 5 ஆம்பியர் ஓட வேண்டும், 9.4 ஓம் தடையைக் கடக்கவே 47 வோல்ட் தேவைப்படும். அனுப்புவதோ 5 வோல்ட்! எனவேதான் 50 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அழுத்தம் பத்து மடங்கானால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும். கம்பியில் வீணாகும் மின்சாரம் நூற்றில் ஒன்றாகும். இன்னும் மேலே ஏற்றாததற்குக் காரணம், 60 வோல்ட் வரையிலான நேர்மின்சாரமே தொட்டாலும் பெருந்தீங்கு விளைக்காத வகையில் வைத்து எண்ணப்படுவதாகும். பி.ஓ.ஈ.யின் மேல் எல்லை 57 வோல்ட்.

மூன்று தரங்கள்

இம்முறைக்கு ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் சங்கம் 2003-இல் முதல் தரத்தை வகுத்தது. 802.3 ஏ.எஃப். என்பது அதன் பெயர். குறைந்தது 44 வோல்ட், 0.35 ஆம்பியர், இரண்டையும் பெருக்கினால் 15.4 வாட். அன்றைய பழைய வகைக் கேபிளுக்கு 20 ஓம் தடை என்று தாராளமாகக் கொண்டதால், வழியில் 2.45 வாட் வெப்பமாகிவிடும் எனக் கழித்து, பெட்டிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட் என்றனர். 2009-இல் வந்த இரண்டாம் தரமாகிய 802.3 ஏ.டி., 50 வோல்ட்டில் 0.6 ஆம்பியரை அனுமதித்தது. அனுப்புவது 30 வாட்; 12.5 ஓம் தடையில் 4.5 வாட் இழப்பு, சேருவது 25.5 வாட். 2018-இல் வந்த 802.3 பி.டி. என்னும் மூன்றாம் தரம் நான்கு ஜோடிகளையும் மின்சாரத்திற்குப் பயன்படுத்துகிறது. அதில் 60 வாட் அனுப்பினால் 51 வாட் சேரும். 90 வாட் அனுப்பினால் 71.3 வாட் சேரும்.

கடைகளில் விற்கும் ஸ்விட்சின் மேல் 30 வாட் என்று எழுதியிருப்பதும், வைஃபைப் பெட்டியின் குறிப்பேட்டில் 25.5 வாட் என்று எழுதியிருப்பதும் முரண்பாடு அல்ல என்பது இதனால் விளங்கும். முன்னது அனுப்புமிடத்துக் கணக்கு. பின்னது சேருமிடத்துக் கணக்கு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு கொள்முதல் செய்யும் அலுவலகங்கள் உண்டு.

ஸ்விட்சு கேட்கும் கேள்விகள்

பி.ஓ.ஈ. அல்லாத சாதாரணக் கணிப்பொறியை இந்தப் போர்ட்டில் செருகினால் 50 வோல்ட் பாய்ந்து அது கெட்டுவிடாதா என்னும் ஐயம் இயல்பானது. தரத்தை வகுத்தோர் இதற்கு அழகியதொரு ஏற்பாடு செய்துள்ளனர். ஸ்விட்சு முதலில் 10 வோல்ட் அளவிற்கு மேற்படாத மெல்லிய அழுத்தத்தைத் தந்து சோதிக்கிறது. மறுமுனையில் ஏறக்குறைய 25,000 ஓம் தடை இருந்தால் மட்டுமே, மின்சாரம் வேண்டும் கருவி ஒன்று அங்கே காத்திருக்கிறது என்று கொள்கிறது. பிறகு 15 முதல் 20 வோல்ட் வரையில் அழுத்தத்தை உயர்த்துகிறது. அப்பொழுது கருவி எத்தனை மில்லியாம்பியர் இழுக்கிறது என்பதே அதன் விடை. 26 முதல் 30 மில்லியாம்பியர் என்றால் 12.95 வாட் போதும் என்று பொருள். 36 முதல் 44 மில்லியாம்பியர் என்றால் 25.5 வாட் வேண்டும் என்று பொருள். இவை முடிந்த பின்னரே முழு அழுத்தம் கொடுக்கப்படுகிறது. கேபிளைப் பிடுங்கிவிட்டாலோ, அரை வினாடிக்குள் ஸ்விட்சு அதனை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்திக்கொள்கிறது.

இந்த உரையாடலில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. இரண்டாம் தரத்து ஸ்விட்சு, 'என்னால் 30 வாட் தர இயலும்' என்பதைக் கருவிக்கு அறிவிக்க, அந்தக் கேள்வியை இருமுறை கேட்கிறது. ஒரே முறை கேட்கப்பட்டால், எதிரே இருப்பது முதல் தரத்து ஸ்விட்சு என்று வைஃபைப் பெட்டி கொள்ள வேண்டும், 12.95 வாட்டிற்குள் அடங்கி நடக்க வேண்டும். பின்னர் இரண்டும் செய்தி வழியாகவே பேசி, வாட்டில் பத்தில் ஒரு பங்கு வரையில் துல்லியமாக உடன்படிக்கை செய்துகொள்ளலாம். எல்.எல்.டி.பி. எனப்படும் விதிமுறை அதற்கு உதவுகிறது. ஆனால் பாதுகாப்புக் கருதியோ மறதியாலோ அவ்விதிமுறை ஸ்விட்சில் அணைத்து வைக்கப்பட்டிருந்தால், உடன்படிக்கை நிகழாது. போதிய மின்சாரம் இருந்தும் பெட்டி கேட்க வழியின்றி அரைப்பட்டினியில் கிடக்கும்.

பசி வளர்ந்த கதை

வைஃபைப் பெட்டியின் தேவை இவ்வளவு பெருகியது ஏன்? 2003-இல் 54 மெகாபிட் வேகத்தில் இயங்கிய பெட்டிக்குப் 12.95 வாட் தாராளம். 2009-இல் 802.11 என். வந்தது, ஒரே நேரத்தில் பல அலைத் தொடர்களை அனுப்பத் தொடங்கினர். 2013-இல் வைஃபை 5, 2021-இல் முழுத் தரமாக வெளிவந்த வைஃபை 6, 2024 ஜனவரியில் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 7 என்று படிகள் ஏறின. ஒவ்வொரு படியிலும் ரேடியோக்களும் அவற்றின் தொடர்களும் பெருகின. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு ஒவ்வொரு ரேடியோவும், சில பெட்டிகளில் 6 கிகாஹெர்ட்ஸுக்கு மூன்றாவதும் உண்டு. ஒவ்வொரு ரேடியோவிலும் நான்கு தொடர்கள் என்றால், ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனிப் பெருக்கி வேண்டும்.

அலையாக வெளியே செல்லும் ஆற்றல் மிகச் சிறிது. ஒரு தொடருக்கு ஒரு வாட்டில் சிறு பகுதியே. ஆனால் இக்காலத்து வைஃபை அலை, பல நூறு சிறு அலைகள் சேர்ந்தது. சில கணங்களில் அவையெல்லாம் ஒன்றுகூடிச் சிகரமாக எழும். அச்சிகரத்தைச் சிதையாமல் தாங்கும்படி பெருக்கியை அமைத்தால், சராசரி நேரத்தில் அது உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே கழியும். இத்துடன் செய்தியைப் பிரித்துக் கோக்கும் சில்லுகள், வினாடிக்கு 2.5 அல்லது 5 கிகாபிட் செல்லும் போர்ட்டு ஆகியனவும் தம் பங்கைக் கேட்கின்றன. பெரிய அரங்குகளுக்கென்று செய்யப்படும் பெட்டிகள் 25.5 வாட்டையும் தாண்டி, மூன்றாம் தரத்து மின்சாரத்தைக் கோருகின்றன.

அணையாத குறை

மின்சாரம் போதாத விளக்கு மங்கும், மின்விசிறி மெல்லச் சுழலும், கண்டவுடன் தெரியும். வைஃபைப் பெட்டியோ அவ்வாறு செய்வதில்லை. போதிய வாட் கிடைக்காதபொழுது, அது தன் உறுப்புகளில் சிலவற்றைத் தானே அடக்கிக்கொண்டு இயங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. நான்கு தொடர்களில் இரண்டை நிறுத்தும், ஒலிபரப்பு வலிமையைக் குறைக்கும், விரைவான போர்ட்டை ஒரு கிகாபிட்டுக்கு இறக்கும், யு.எஸ்.பி. துளையை அணைக்கும்; சில வகைகளில் ஒரு ரேடியோவையே மூடிவிடும். எதை முதலில் கைவிடுவது என்பது செய்தவர்களின் விருப்பம். ஆனால் வெளியிலுள்ள சிறு விளக்கு பெரும்பாலும் வழக்கம்போல் எரியும். கைப்பேசியிலும் வைஃபைக் குறி முழுமையாகவே தோன்றும்.

பெட்டியைப் பொருத்திய பணியாளர் மாலையில் ஒரு கைப்பேசியை வைத்துச் சோதிக்கிறார். ஒரே ஒருவர் பயன்படுத்தும்பொழுது பாதித் தொடர்களே போதும், சோதனை வெற்றி. மறுநாள் தேர்வுக்கு விண்ணப்பிக்க நூறு மாணவர்கள் ஒரே அறையில் கூடுகிறார்கள். அல்லது மருத்துவமனை வார்டில் செவிலியர்கள் எல்லாரும் ஒரே வேளையில் நோயாளிக் குறிப்புகளைப் பதிவு செய்கிறார்கள். அப்பொழுதுதான் குறை வெளிப்படுகிறது. இணைப்பு தரும் நிறுவனத்தின்மீது பழி விழுகிறது, இன்னும் வேகமான இணைப்பு வாங்கப்படுகிறது, குறை தீர்வதில்லை. பணம் செலவானதுதான் மிச்சம்.

மொத்தக் கணக்கும் ஒரு நூலகமும்

ஒரு போர்ட்டில் 30 வாட் தர இயலும் என்பதால் எல்லாப் போர்ட்டிலும் ஒருசேர 30 வாட் தர இயலும் என்று கொள்ளலாகாது. ஸ்விட்சினுள் இருக்கும் மின்வழங்கிக்கு மொத்த எல்லை ஒன்று உண்டு. 24 போர்ட்டு ஸ்விட்சுகளில் 370 வாட் என்னும் எண் அடிக்கடி காணப்படும். இது எங்கிருந்து வந்தது? 24 பெட்டிகளுக்கு முதல் தரப்படி 15.4 வாட் என்று பெருக்கிப் பார்த்தால் 369.6 வாட்! 2003-ஆம் ஆண்டின் பசிக்கு அளந்த பாத்திரம் அது. இரண்டாம் தரப்படி 30 வாட் வீதம் கொடுத்தால் பன்னிரண்டு பெட்டிகளோடு அது தீர்ந்துவிடும்.

ஒரு கல்லூரி நூலகத்தில் 24 பழைய பெட்டிகள் இந்த ஸ்விட்சில் நன்கு இயங்கிவந்தன என்று கொள்வோம். அவற்றைக் கழற்றிவிட்டு, 25.5 வாட் கோரும் புதிய பெட்டிகளை அதே கேபிளில் மாட்டுகிறார்கள். ஸ்விட்சு, கோரிய அளவை அப்படியே ஒதுக்கி வைக்கும் வகையினதாக இருந்தால், பன்னிரண்டு பெட்டிகள் உயிர்பெறும். பதின்மூன்றாவது எழவே எழாது. இது ஒருவகையில் நன்மையே. குறை அன்றே தெரிந்துவிடும். ஆனால் பல ஸ்விட்சுகள் கோரிய அளவைப் பாராமல், உண்மையில் இழுக்கும் அளவை மட்டுமே கூட்டிப் பார்க்கின்றன. ஆளில்லாத காலையில் ஒவ்வொன்றும் 12 வாட் இழுத்தால் மொத்தம் 288 வாட், எல்லாம் இயங்கும். நண்பகலில் கூட்டம் சேர்ந்து ஒவ்வொன்றும் 18 வாட் இழுத்தால் மொத்தம் 432 வாட், எல்லை தாண்டிவிடும். அப்பொழுது ஸ்விட்சு, முன்னுரிமை குறைந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கும். அணைந்த பெட்டியில் இருந்தவர்கள் பக்கத்துப் பெட்டிக்குத் தாவுவார்கள். அதன் சுமை ஏறும். மாலையில் கூட்டம் கலைந்ததும் எல்லாம் தாமே சரியாகிவிடும். குறையைக் காண அதிகாரி வரும் நேரத்தில் குறை இருக்காது!

முன்னுரிமையை எவரும் குறிக்காவிடில், பல ஸ்விட்சுகள் போர்ட்டு எண்ணின் வரிசையையே முன்னுரிமையாகக் கொள்கின்றன. முதல் எண்ணில் பண்டக அறைப் பெட்டியும், இருபத்து நான்காம் எண்ணில் வாசக சாலைப் பெட்டியும் இருந்தால், ஆளில்லாப் பண்டக அறையில் வைஃபை தழைக்கும். வாசகர் கூட்டம் இருளில் நிற்கும்.

செம்பின் பெயரால் அலுமினியம்

மின்சாரம் போதாமைக்கு மற்றுமொரு காரணம் கேபிளிலேயே உள்ளது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களில், கம்பி முழுவதும் செம்பு அன்று. அலுமினியத்தின் மேல் செம்பு பூசப்பட்டது. சி.சி.ஏ. என்ற மூன்று எழுத்துக்கள் உறையிலோ விலைப்பட்டியலிலோ சிறிதாக இருக்கும், இல்லாமலும் இருக்கும். கேபிளுக்கான தரவிதிகள் முழுச் செம்பையே வேண்டுகின்றன. செய்தி செல்வதில் இக்கேபிள் குறுந்தூரத்தில் பெரிதாகத் தவறு செய்வதில்லை. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேற்புறத்தையே நாடும், மேற்புறம் செம்பு. ஆனால் நேர்மின்சாரம் கம்பியின் முழு உடலையும் பயன்படுத்துவது. அதற்கு இக்கம்பியின் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

50 வோல்ட்டில் தொடங்கி, 100 மீட்டர் தொலைவில் 25.5 வாட் உண்ணும் பெட்டியைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். முழுச் செம்பாயின் 0.57 ஆம்பியர் ஓடும், கம்பியில் 3 வாட் கழியும், பெட்டியில் 44.6 வோல்ட் நிற்கும். தடை 14.5 ஓமாக உள்ள பூச்சுக் கம்பியாயின் 0.62 ஆம்பியர் ஓடும், 5.6 வாட் கழியும். ஸ்விட்சு 31 வாட்டிற்கு மேல் தர வேண்டிவரும். பெட்டியில் நிற்பது 41 வோல்ட்டே. தரத்தின்படி அங்கே 42.5 வோல்ட்டுக்குக் குறையலாகாது. மின்னோட்டம், வாட், வோல்ட் ஆகிய மூன்று எல்லைகளும் ஒருங்கே மீறப்படுகின்றன. பெட்டி எழும், வேலை மிகும்பொழுது விழும், மீண்டும் எழும்.

நம் நாட்டு வெயிலையும் இக்கணக்கில் சேர்த்தல் வேண்டும். செம்பின் தடை, வெப்பம் ஒரு டிகிரி ஏறுந்தோறும் நூற்றுக்கு 0.39 வீதம் ஏறும். 20 டிகிரியில் 9.4 ஓமாக இருந்த கேபிள், தகரக் கூரையின் அடியில் 50 டிகிரியில் 10.5 ஓமாகும். பல கேபிள்களைப் பெருங்கட்டாக இறுகக் கட்டினால், நடுவிலுள்ளவற்றின் வெப்பம் வெளியேற வழியின்றி மேலும் ஏறும். நான்கு ஜோடிகளிலும் மின்சாரம் செல்லும் மூன்றாம் தரத்தில் இது கவனத்திற்குரியது. கட்டுகளைச் சிறிதாக்குவதற்குச் செலவொன்றும் இல்லை.

இன்னொரு மலிவுப் பொருளைப் பற்றியும் ஒரு சொல். 24 வோல்ட்டைக் கேள்வி முறையின்றிக் கேபிளில் ஏற்றிவிடும் சிறு இன்ஜெக்டர்கள் பலவிடங்களில் உள்ளன. அவற்றிற்கென்றே செய்த பெட்டிகளுக்கு அவை பொருந்தும். பிறவற்றோடு கலந்தால் கருவி கெடலாம். அவ்வகைப் பெட்டியைத் தரமான பி.ஓ.ஈ. ஸ்விட்சில் மாட்டினாலோ, 25,000 ஓம் அடையாளம் இல்லாமையால் அதற்கு மின்சாரமே கிடைக்காது. வெளிப்புறக் கம்பங்களில் ஏறும் கேபிளுக்கு மின்னல் காப்பும் நல்ல புவி இணைப்பும் இன்றியமையாதன. அது தனியே எழுதத்தக்க விஷயம்.

செய்யத் தக்கவை

புதிய பெட்டிகளை வாங்குமுன், அவை முழு வலிமையோடு இயங்க எத்தனை வாட் வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் தேடிப் பார்க்க வேண்டும். குறைந்த மின்சாரத்தில் எவ்வெவ்வுறுப்பை அடக்கும் என்னும் பட்டியலும் பெரும்பாலும் அங்கேயே சிறிய எழுத்தில் இருக்கும். அந்த வாட்டை எண்ணிக்கையால் பெருக்கி, கேபிள் இழப்பைக் கூட்டி, ஸ்விட்சின் மொத்த எல்லையோடு ஒப்பிட வேண்டும். போதாவிடில் ஸ்விட்சையே மாற்றித்தான் தீர வேண்டும் என்பதில்லை. சில ஸ்விட்சுகளில் இரண்டாவது மின்வழங்கியைச் செருக இடமுண்டு. பெட்டிகளை இரண்டு ஸ்விட்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஓரிரண்டு பெட்டிகளுக்கு மட்டும் குறையானால், அவற்றின் கேபிளில் தரமான இன்ஜெக்டர் ஒன்றை இடையிடலாம். எல்.எல்.டி.பி. அணைந்திருப்பதே காரணமானால், செலவே இன்றி ஒரு கட்டளையில் தீரும்.

பாட்டரியின் கணக்கும் மாறும். 24 பெட்டிகள் 25 வாட் வீதம் இழுத்தால் 600 வாட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் பெயரளவில் 1,200 வாட்-மணி உண்டு, அதனை முற்றும் வடித்துவிடலாகாது, மாற்றுவதிலும் இழப்புண்டு. பழைய பெட்டிகளுக்கு மூன்று மணி நேரம் தாங்கிய யு.பி.எஸ்., புதியவற்றுக்கு ஒன்றரை மணியில் கைவிட்டால் வியப்பில்லை. ஆண்டு முழுவதும் இடைவிடாது அந்த 600 வாட் ஓடினால் 5,256 யூனிட் மின்சாரம் செலவாகும். நூலகம் பூட்டியிருக்கும் இரவு நேரங்களில் பெட்டிகளை அணைத்து வைக்கும்படி ஸ்விட்சுக்கே நேரம் குறித்துக் கொடுக்க இயலும். பல நிறுவனங்கள் இவ்வசதியைப் பயன்படுத்துவதே இல்லை.

இவை அனைத்தையும் செய்த பின், சோதனையை ஆளில்லா மாலையில் செய்யாமல், கூட்டம் மிகுந்த நண்பகலில் செய்தல் வேண்டும். அதற்குத் தனிக்கருவி எதுவும் தேவையில்லை. நிர்வகிக்கத்தக்க ஸ்விட்சின் திரையில், ஒவ்வொரு போர்ட்டின் நேராகவும் கருவியின் வகுப்பு, ஒதுக்கிய வாட், இழுக்கும் வாட் ஆகியவை வரிசையாகக் காணப்படும். வைஃபைப் பெட்டியின் திரையிலும் அது முழு மின்சாரத்தில் இயங்குகிறதா, குறைந்ததில் இயங்குகிறதா என்று ஒரு வரி இருக்கும்.